ஒரு சின்ன அசௌகரியம்

மத்தியானம் இரண்டு மணிக்கு எங்கள் ஊரில் யார் வீட்டுக் கதவையும் தட்டக்கூடாது. இது சட்டமில்லை... அதைவிடப் பெரியது. பிரெஞ்சுக்காரன் போய் இத்தனை காலம் ஆகிவிட்டது. ஆனாலும் அவன் பழக்கிவிட்ட மத்தியானத் தூக்கம் போகவில்லை. எங்கள் முத்தியால்பேட்டைக் கடைக்காரர் மத்தியானமானால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அரிசி மூட்டைமேல் சாய்ந்துவிடுகிறார். நாய்கள்கூடத் தெருவைக் காலி செய்துவிடும். நாலு மணிக்குத்தான் ஊர் மறுபடி கண் திறக்கும்.

அப்படிப்பட்ட நேரத்தில் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்து, "அக்கா, விரல் நசுங்குறது, விரல் கிழியுறது, விரல் துண்டாகுறது... மூணுக்கும் தமிழ்ல வேற வேற வார்த்தை இருக்கா?" என்று ஒருத்தி கேட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

"யாருக்கு என்னாச்சு?" என்று பதறிக்கொண்டு எழுந்தேன்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆகக்கூடாதுன்னுதான் கேக்குறேன்."

இல்ஸேவை இந்தப் பத்தியில் உங்களுக்கு இதுவரை அறிமுகம் செய்ததில்லை. எங்கள் வீட்டு மாடி அறையில் குடியிருப்பவள். லாத்வியா நாட்டுக்காரி. எங்கள் தெருவுக்கு அந்த நாடு எங்கே இருக்கிறது என்றெல்லாம் கவலையில்லை. வெள்ளைத்தோல் என்றால் பிரெஞ்சு, அவ்வளவுதான். பால்காரர் அவளைப் பார்த்தால் பிரெஞ்சில் 'போன்ழூர்' என்று வணக்கம் சொல்வார். அவளும் பதிலுக்கு 'போன்ழூர்' சொல்லிவிட்டு, "பால்ல தண்ணி ஜாஸ்தி" என்று தமிழில் முடிப்பாள். மூன்று மாதம் சுற்றிப் பார்க்க வந்தவள், கடலைப் பார்த்தாள், காற்றைப் பார்த்தாள்... தங்கிவிட்டாள். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பு வேலை செய்து பிழைக்கிறாள். அவள் பேச்சு பாதி ஆங்கிலம், பாதி முத்தியால்பேட்டைத் தமிழ். உங்கள் வசதிக்காக எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு அவள் கையில் இருந்தது ஒரு மெஷினின் கையேடு. எங்கள் ஊர் ஓரத்திலேயே இருக்கிற மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ராமலிங்கம் என்று ஒருவர், மோட்டாருக்குத் தாமிரக் கம்பி சுற்றும் மெஷின் செய்கிறார். அதில் ஒன்று இல்ஸேவின் ஊருக்குக் கப்பலேறப் போகிறது. அவர்கள் நாடு ஐரோப்பாக்காரர்களோடு சேர்ந்துவிட்டதால், எந்த மெஷின் உள்ளே வந்தாலும் கையேடு அவர்கள் மொழியில் இருக்க வேண்டுமாம். லிங்கம் சார் எழுதிய ஆங்கிலக் கையேட்டை லாத்வியனில் மாற்றுவதுதான் இவள் வேலை.

"கம்பி சுத்துற பக்கமெல்லாம் முடிச்சிட்டேன். காயம்படுற பக்கத்துலதான் மாட்டிக்கிட்டேன்" என்றாள்.

தூக்கம் போனது போனதுதான். மின்விசிறிக்கு அடியில் இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்தோம். அவள் மொழியில் கம்பி சுற்றுவதற்கு 'தீட்' என்று ஒரு சொல். முன்னால் ஒரு சின்ன ஒட்டு சேர்த்தால் நூல் கண்டில் சுற்றுவது. வேறொன்று சேர்த்தால் புண்ணுக்குத் துணி சுற்றுவது. இன்னொன்று சேர்த்தால் பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றி வைப்பது. காயத்துக்கு 'ப்ரூத்ஸே'. தோல் உரசினால் ஒரு சொல், அடிபட்டுக் கன்றினால் ஒரு சொல். நானும் விடவில்லை. சிராய்ப்பு, கீறல், வெட்டு, ரத்தக்கட்டு என்று அடுக்கினேன். நகச்சுத்தி வந்த விரலில் எலுமிச்சம்பழம் செருகிக்கொள்வதைச் சொன்னதும் அவளுக்கு ஒரே ஆச்சரியம்.

மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக உப்புக்காற்று. எனக்குக் கண் செருகியது. மேட்டுப்பாளையத்தில் யாரோ ஒரு தாமிரக் கம்பியைப் பிரித்துவிட, அது கனகசெட்டிக்குளம் மீனவர்களின் வலைகளைத் தாண்டி, கடல் கடலாகப் போய், பனி பெய்கிற ஏதோ ஒரு ஊரில் ஒரு பெண்மணியின் விரலில் வந்து சுற்றிக்கொள்வது போல... அரைத்தூக்கத்தில் இப்படியெல்லாம் தோன்றும். கம்பி பளபளவென்று அழகாகத்தான் இருந்தது. விரலைச் சுற்றியபோதுதான் திடுக்கிட்டு விழித்தேன்.

"சரி, இதுல உனக்கு என்னா சந்தேகம்?" என்றேன்.

கையேட்டில் ஒரு வரியைக் காட்டினாள். ஆங்கிலம்தான். ஆனால் அதற்குள் உட்கார்ந்து பேசுவது அசல் தமிழர். 'தயவுசெய்து ஓடும் கம்பிக்கு அருகில் விரல்களைக் கொண்டு செல்லாதிருக்கவும். கொண்டு சென்றால் ஒரு சின்ன அசௌகரியம் நேரலாம்.'

"என்னா அசௌகரியம் அக்கா? எவ்ளோ சின்னது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? நாம் வளர்ந்த விதம் அப்படி. வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டோம், 'அரிசி நிறைஞ்சிருக்கு' என்போம். விளக்கை அணைக்கமாட்டோம், 'மலையேத்துவோம்'. ராத்திரியில் பாம்பைப் பார்த்தால் 'பூச்சி'. வாய் தவறி ஏதாவது சொல்லிவிட்டால், 'வாயைக் கழுவு' என்று ஒரு அதட்டல். மேலே ததாஸ்து தேவதைகள் போய்க்கொண்டே இருப்பார்களாம். நாம் என்ன சொன்னாலும் 'அப்படியே ஆகட்டும்' என்று சொல்லிவிட்டுப் போவார்களாம். இப்படி ஒரு ஊரில், புத்தம் புது மெஷினோடு போகிற புத்தகத்தில் 'விரல் போகும்' என்று எவன் எழுதுவான்?

நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு இல்ஸே தலையாட்டினாள். "எங்க ஊர்லயும் உண்டு. காட்டுல ஓநாய் பேரச் சொல்லமாட்டாங்க, காட்டு நாய்னுதான் சொல்லுவாங்க. ஆனா அக்கா... அங்க காட்டுல ஓநாய் இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். இந்த மெஷின்ல என்னா இருக்குன்னு அம்மாவுக்குத் தெரியாதே."

"எந்த அம்மாவுக்கு?"

"எங்க அம்மாவுக்கு."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த ஊரில் மோட்டார் பட்டறை நடத்துவது அவளுடைய பெரியம்மா மகன். இந்தியாவில் நல்ல மெஷின் இருந்தால் சொல் என்று கேட்டவனுக்கு, லிங்கம் சாரின் விலாசத்தைக் கொடுத்தவள் இவள்தான். அந்தப் பட்டறையில் கம்பி சுற்றுபவர் இவளுடைய அம்மா. இத்தனை வருடமும் கைப்பிடியைத் திருப்பிச் சுற்றுகிற பழைய மெஷின்தான் அவருக்குப் பழக்கம். மோட்டார் கிடையாது, பெடல் கிடையாது. இனிமேல் காலால் பெடலை அழுத்தினால் கண்மூடித் திறப்பதற்குள் கம்பி ஓடும்.

"அப்ப அம்மாகிட்ட நேராவே சொல்லிடேன். போன் எதுக்கு இருக்கு?"

"அம்மா என்கூடப் பேசறதில்ல" என்றாள். இங்கேயே தங்கிவிட்டதிலிருந்து அப்படித்தானாம். போன் செய்தால் வைத்துவிடுவார். மெயில் போடுவது அந்தப் பெரியம்மா மகன் அண்ணனுக்கு மட்டும்தான்; அவன் இவள் பேச்சை எடுத்தாலே அம்மா எழுந்து போய்விடுவாராம். இந்த மெஷினை இவள்தான் பார்த்துக் கொடுத்தாள் என்பதையும் அண்ணன் சொல்லவில்லை. தெரிந்தால் அம்மா அந்த மெஷினைத் தொடவே மாட்டாராம், அத்தனை வைராக்கியம்.

அம்மாவிடம் பேச இவளுக்கு மிச்சம் இருந்தது அந்தக் கையேடு மட்டும்தான். அதிலும் 'சின்ன அசௌகரியம்' என்று எழுதச் சொன்னால்?

மறுநாளே இரண்டு பேரும் மேட்டுப்பாளையம் போனோம். போன நேரம்தான் சரியில்லை. வெள்ளிக்கிழமை. மெஷினைப் பெட்டியில் அடைப்பதற்கு முன் பூசை நடந்துகொண்டிருந்தது. மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், கதம்ப மாலை. லிங்கம் சாரின் மனைவி சரோஜா தாம்பாளத்தோடு நின்றிருந்தார். பட்டறை ஆட்கள் எல்லோரும் கைகூப்பி நிற்கிறார்கள். கற்பூரம் எரிகிறது.

இல்ஸே நேராகப் போனாள். "சார், இந்த மெஷின்ல விரல் துண்டாகுமா?"

அப்படியொரு அமைதியை நான் எந்தத் தொழிற்பேட்டையிலும் கேட்டதில்லை. பக்கத்து ஷெட்டில் தகரம் வெட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. சரோஜா தாம்பாளத்தை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா... வெள்ளிக்கெழமையும் அதுவுமா..." என்று இழுத்தார் லிங்கம் சார். பிறகு என்னைப் பார்த்தார். "டீச்சரம்மா, நீங்களாவது சொல்லக்கூடாதா?"

நான் அசடு வழிய நின்றேன்.

அவளை ஓரமாக அழைத்துப் போய் அவரே பேசினார். கோபமாக இல்லை, கெஞ்சலாக. "நான் எழுதுனத அப்படியே மாத்திக் குடுங்கம்மா. கொஞ்சம் பாத்து வேலை செய்யணும்னு அர்த்தம், அவ்ளோதான். புரியறவங்களுக்குப் புரியும்."

"எனக்குப் புரியலையே சார்."

"அப்ப வேற ஆளப் பாத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டு, தேங்காய் உடைக்கப் போய்விட்டார்.

திரும்பி வருகிற வழியில் இல்ஸே ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்து, தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். என் ஜாக்கெட் தோள் நனைந்திருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. லிங்கம் சார்மேலா? அவர் கெட்டவர் இல்லையே. கெட்டது யாருக்கும் நடக்கக்கூடாது என்றுதானே வாயை மூடிக்கொள்கிறார்? யோசித்துப் பார்த்தால் நாம் எல்லோரும் அப்படித்தான். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது மாப்பிள்ளையின் குடியைப் பற்றிச் சொல்வதில்லை, 'கொஞ்சம் கோவக்காரர்' என்கிறோம். ஆபரேஷனுக்குப் போகிறவரிடம், 'சும்மா எறும்பு கடிக்கிற மாதிரி' என்கிறோம். நல்ல வார்த்தையாகவே சொல்லிச் சொல்லி, எத்தனை பேரைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டிருக்கிறோம்!

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், ஊர் தூங்குகிற நேரமாகப் பார்த்து, இல்ஸேவையும் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். லிங்கம் சார் மட்டும் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். பெட்டி இன்னும் ஆணி அடிக்கப்படாமல் நின்றது.

"சார், அந்த மெஷின்ல உக்காரப்போறது இவ அம்மா" என்றேன். வேறு முன்னுரை எதுவும் வைக்கவில்லை.

அவர் கண்ணைத் திறந்து இல்ஸேவையே பார்த்தார்.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா?" என்றார். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "வாங்க. இங்க வேணாம். கேட்டுக்கு வெளிய வாங்க."

ஷெட்டைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனார். மெஷினுக்குக் கேட்காத தூரம். சாமி படத்துக்கும் கேட்காத தூரம். ஒருமுறை திரும்பி, தூரம் போதுமா என்று பார்த்துக்கொண்டார். பிறகு பேச ஆரம்பித்தார்.

அந்த மனிதர் அப்படிப் பேசுவார் என்று நான் நினைக்கவே இல்லை. ஒளிவுமறைவில்லாமல், ஒவ்வொன்றாகச் சொன்னார். தளரத் தொங்குகிற சட்டைக் கை என்ன செய்யும், மோதிரம் என்ன செய்யும், பின்னாத தலைமுடி என்ன செய்யும்... இல்ஸே நின்றபடியே எழுதிக்கொண்டாள். வேப்பம்பூ அவள் காகிதத்தில் உதிர்ந்தது. அந்த வெயிலில் காற்று அத்தனை இதமாக இருந்தது. கேட்கிற விஷயமோ ரத்தமும் எலும்பும்.

"இதெல்லாம்கூடப் பரவால்லம்மா. ஒண்ண மட்டும் நல்லா எழுதிக்கோ. கம்பி விரல்ல சுத்திக்கிச்சுன்னா, எல்லாரும் என்னா பண்ணுவாங்க? கைய வெடுக்குன்னு இழுப்பாங்க. இழுக்கவே கூடாது. இழுத்தா கம்பி இறுகும். கால் பெடல்லயே இருக்கும், மெஷின் ஓடிக்கிட்டே இருக்கும்... விரல அறுத்துடும். கைய மறந்துடணும். மொதல்ல காலத் தூக்கணும். கால் எடுத்தா மெஷின் நின்னுடும்."

"யாருக்காவது அப்படி ஆயிருக்கா சார்?" என்று இல்ஸே கேட்டாள்.

அவர் சாலையைப் பார்த்தார். ஒரு லாரி போனது. அது போய் முடிகிற வரை காத்திருந்தார்.

"சரோஜாவுக்கு" என்றார். "நான் செஞ்ச மொத மெஷின். வீட்டுலயே வச்சிருந்தோம். அவதான் ஓட்டுனா. வலது கை நடுவிரல், மேல் கணு. கைய இழுத்துட்டா. அவளுக்குத் தெரியாது... நானும் சொல்லல. மொத மெஷின் ஆச்சேன்னு நல்ல வார்த்தையாவே பேசிக்கிட்டு இருந்தேன்." துண்டால் முகத்தைத் துடைத்தார். "அதப் பத்தி இன்னிக்கு வரைக்கும் ரெண்டு பேரும் பேசுனதில்ல. 'அன்னிக்கு'ன்னு சொன்னா ரெண்டு பேருக்கும் புரியும். அவ்ளோதான்."

வெள்ளிக்கிழமை அவர் மனைவி தாம்பாளத்தை இறுக்கியது எதற்கென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"உங்க பாஷையில நீ என்னா வேணா எழுதிக்கோம்மா. என்கிட்ட படிச்சு மட்டும் காட்டிடாத" என்று சொல்லிவிட்டு, கேட்டருகே இருந்த குழாயில் வாயைக் கொப்பளித்து, கால் கழுவிக்கொண்டு உள்ளே போனார்.

இல்ஸே அன்று சாயங்காலமே எழுத உட்கார்ந்தாள். மாடியில் நடக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு வரியை எழுதி, அதையே வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாள். அடிப்பாள். மறுபடி சொல்லிப் பார்ப்பாள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் அடுப்படியில் நின்று கேட்கும்போது, மாடியில் ஒரு பெண் தன் அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கிறாள் என்றே தோன்றியது. 'அசௌகரியம்' இருந்த இடத்தில் அவள் மொழியின் காயங்கள் எல்லாம் அதனதன் பெயரோடு வந்து உட்கார்ந்தன. காலை எடுக்கச் சொல்லும் வரியைத் தனியாக ஒரு கட்டத்துக்குள் போட்டாள்.

கையேட்டில் மொழிபெயர்த்தவர் பெயர் போடுகிற வழக்கமில்லை. கப்பல் போயிற்று. மழைக்காலம் வந்து போயிற்று. நானும் உங்களுக்கு வேறு எதையெதையோ எழுதிக்கொண்டிருந்தேன்.

போன வாரம், மறுபடி அதே மத்தியான நேரம். மாடியில் செல்போன் மணி. பிறகு சத்தமே இல்லை. பிறகு விசும்பல். இந்தமுறை நான் தடதடவென்று ஏறினேன்.

இல்ஸே தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை. போனில் பேசியது அம்மா. கம்பி ஆள்காட்டி விரலில் சுற்றிவிட்டதாம். கையை இழுக்கப் போனாராம். அந்தக் கட்டத்துக்குள் இருந்த வரி கண்முன்னே வந்ததாம். காலைத் தூக்கிவிட்டாராம். மெஷின் நின்றது. தோல் மட்டும் கொஞ்சம் சிராய்த்ததாம்.

பட்டறையில் எல்லோரும் ஓடி வந்தபோது, "இந்தப் புத்தகத்தை எழுதுனது யாரு? பக்கத்துல நின்னு கத்துற மாதிரி எழுதியிருக்கு" என்று அவர் கேட்டிருக்கிறார். அண்ணனால் அதற்குமேல் மறைக்க முடியவில்லை.

"அம்மா என்னா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"'நீ கத்துனது எனக்குக் கேட்டுச்சு'ன்னாங்க" என்றாள் இல்ஸே.

சாயங்காலமே மேட்டுப்பாளையம் போனோம். பட்டறையில் டீ நேரம். லிங்கம் சாரும் சரோஜாவும் இருந்தார்கள். 'அந்த மெஷின்ல...' என்று நான் ஆரம்பித்த உடனே லிங்கம் சார் பதறி எழுந்து செருப்பைத் தேடினார்.

"எங்கயும் போவ வேணாம். இங்கயே சொல்லுங்க" என்றார் சரோஜா.

இல்ஸே சொன்னாள். மெஷின்களுக்கு நடுவே, சாமி படத்துக்கு முன்னால், எல்லாவற்றையும் சொன்னாள்.

"விரலு முழுசா இருக்கா அவுங்களுக்கு?" சரோஜா கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"இருக்கு."

"நல்லா இருக்கட்டும்" என்றார். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, வலது கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டார். கோபமில்லை, குறையில்லை. ஏதோ சமையல் விஷயம் சொல்வது போல, "எனக்கு அன்னிக்கு யாரும் சொல்லலங்க" என்றார்.

லிங்கம் சார் தலை குனிந்து நின்றார். வாயைக் கழுவு என்று அவர் யாரையும் அதட்டவில்லை. அலமாரியிலிருந்து ஆங்கிலக் கையேட்டை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். "டீச்சரம்மா, இதையும் திருத்திக் குடுத்துடுங்க. இனிமே போற மெஷினுக்கெல்லாம் அதுதான்" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து 'அசௌகரியம்' என்ற சொல்லை அடித்தேன். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று பேனாவோடு யோசித்துக்கொண்டிருந்தேன். சரோஜா எழுந்து வந்து, அந்த விரலாலேயே தாளைத் தொட்டுக் காட்டினார்.

"பெரிய எழுத்துல போடுங்க!"